படத்துக்கு வைத்த கொள்ளி

சித்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கே நீள மணி அடித்தார்கள். மெட்ராஸில் ஒரு சினிமா நடிகர் இறந்துவிட்டாராம், ரேடியோவில் சொன்னார்களாம், அதனால் இன்றைக்கு இத்தோடு சரி. டீச்சர்கள் அறையில் ஆளாளுக்கு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் ஏழாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் என் எதிரில் வந்து நின்று, உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா மேடம் என்று கேட்டாள். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது, தோன்றுவதற்கு என்ன இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து அந்த அறையில் எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை, இரண்டு பாஷையிலும் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள்.

அந்தப் பெண் மட்டும் சாயங்காலம் பஸ் நிலையத்தில் என்னிடம் வந்து மெதுவாகப் பேசினாள். அவளுடைய அப்பா செத்த பிறகு அவள் அம்மா சிரித்ததே அந்த நடிகரின் படம் ஓடுகிற கொட்டகைக்குள் மட்டும்தானாம். "அதுக்குத்தான் மேடம் அழறேன்" என்றாள். அவள் அழுகை அவளுக்கு. ஆனால் என் வயிற்றெரிச்சல் எனக்கு. அதை அவளிடம் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், பஸ் வந்துவிட்டது.

புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில், சாலையை ஒட்டினாற்போல் எங்கள் ஊர். ஆந்திரா தனியாகப் பிரிந்துபோய், எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற தகராறு தீராமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, தாலுகா ஆபீஸில் அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அது. எங்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. ஆனால் ஊர் ஆம்பளைகளுக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. ஊரை மெட்ராஸ் பக்கம் சேர்க்க எல்லைக் கமிட்டி என்று ஒன்றை வைத்தார்கள். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் அதற்குச் செயலாளர். என் நைனா தலைவர். இரண்டு ஏக்கர் வேர்க்கடலையும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்தவருக்குத் தலைவர் பட்டம். கேட்கவா வேண்டும்?

தலைவராவதற்கு நைனாவுக்கு இருந்த தகுதி ஒரு பாடகர். நாடக மேடையிலும் கிராமபோன் தட்டிலும் பாடிப் பெயர் வாங்கிய தமிழ்ப் பாடகர் அவர். எங்கள் ஊர்ப் பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. ஒரு தடவை ரேணிகுண்டா வழியாக ரயிலில் போனார். நைனாவும் சைக்கிள் கடைக்காரரும் விடிகாலையிலேயே போய் பிளாட்பாரத்தில் நின்றார்கள். ஜன்னல் மூடியிருந்ததாம். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் அரைச்சாண் திறந்து, ஒரு கை வெளியே வந்து காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டதாம். அவ்வளவுதான். அந்தக் கையைப் பற்றி நைனா ஐந்தாறு வருஷம் பேசினார். மோதிரம் எந்த விரலில் இருந்தது என்று கூடச் சொல்வார். அது அந்தப் பாடகரின் கைதானா, அல்லது கூட வந்த யாரோ ஒருவருடையதா என்று அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு நாள் நைனா அவளோடு பேசவில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. திருப்பதி மலைக்குப் போய் வருகிறவர்கள் கீழே கடைத்தெருவில் குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள் இல்லையா, அது. ஒரு வருஷம் நாங்கள் மூவரும் போனோம். அம்மா அதற்காகவே கல்யாணப் புடவையைத் தனியாக மூட்டை கட்டிக் கொண்டுவந்து, கீழே இறங்கியதும் சத்திரத்தில் உடுத்திக்கொண்டாள். ஸ்டூடியோவுக்குப் போகிற வழியில் படக்கடை. அங்கே அந்தப் பாடகரின் பெரிய படம். மூக்குக் கண்ணாடி, இடது கன்னத்தில் மச்சம், தோளில் சால்வை. நைனா அப்படியே நின்றுவிட்டார். அந்தப் படத்துக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு வாங்கியதும் கையில் இருந்தது தீர்ந்தது, போட்டோ அடுத்த தடவை என்றார். திரும்பி வரும்போது பஸ் குலுங்கலில் கண்ணாடி உடைந்துவிடப் போகிறது என்று, வழி முழுக்க அந்தப் படத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தவள் அம்மாதான். கல்யாணப் புடவையோடு.

அதற்கு அடுத்த வருஷம் பாடகர் இறந்துபோனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவுக்கு எட்டாம் மாதம்.

சேதி வந்த சாயங்காலமே எங்கள் வீட்டு வாசலில் கமிட்டி கூடியது. சைக்கிள் கடைக்காரர் விஷயத்தை விளக்கினார். எல்லையைத் தீர்மானிக்க ஆபீசர் வரப்போகிறார், எந்த ஊரில் தமிழ் ஜனம் எவ்வளவு என்று எழுதப்போகிறார். ஒரு தமிழ்ப் பாடகருக்கு ஒரு ஊரே திரண்டு சாவு எடுத்தது, தலை மொட்டை அடித்தது என்று பேப்பரில் வந்துவிட்டால் அதற்குமேல் ஒரு அத்தாட்சி வேண்டுமா? இதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். வளர்ந்த ஆம்பளைகள். வரி கட்டுகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள். ஒருத்தருக்குக் கூட இது பைத்தியக்காரத்தனம் என்று படவில்லை.

பச்சை மூங்கிலில் பாடை கட்டுவது, அதில் படத்தைக் கிடத்துவது, தெருத்தெருவாக எடுத்துப்போய் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாடையைக் கொளுத்துவது என்று முடிவாயிற்று. கொள்ளிச்சட்டி தூக்கப்போவது தலைவர். கொள்ளி வைக்கிறவர் மொட்டை அடிக்க வேண்டும் அல்லவா, அதுவும் தலைவர்தான், அவரோடு கூடப் பத்துப் பேர். அன்றைக்கு எந்தக் கடையும் திறக்கக் கூடாது, எந்த பஸ்ஸும் ஊரைத் தாண்டக் கூடாது.

பக்கத்து வீட்டு அத்தை ஊரில் பிரசவம் பார்ப்பவள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு நைனா அண்ணன் முறை.

"வாயும் வவுறுமா ஒருத்தி உள்ள குந்திகினு கீறா. அவ புருசன் மொட்டை அடிக்கக் கூடாது, சுடுகாடு மிதிக்கக் கூடாது. இது கூடவாண்ணா உனுக்குத் தெரியாது?"

நைனா சிரித்தார். அது நிஜச் சாவுக்கு உண்டான சாஸ்திரம், இது படம்தானே, காகிதத்துக்கு என்ன தீட்டு என்றார். வாசலில் இருந்த அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்த வார்த்தையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். படம்தானே என்றவர் என் நைனா.

மறுநாள் காலையில் நாவிதர் எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பதினொரு தலையை மழித்தார். நைனா எங்கள் மாட்டுவண்டியைக் கழுவி, அதில் கிராமபோன் பெட்டியை ஏற்றினார். வண்டி முன்னால் பாடிக்கொண்டு போகும், பின்னால் பாடை. தலையைத் தடவிக்கொண்டு அவர் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். படுத்துக்கொள், வந்துவிடுகிறேன் என்றார்.

பாடை மேலத்தெரு திரும்புவதற்குள் அம்மாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. அத்தை ஓடிவந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. இது தன் கையில் இல்லை, திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இப்போதே என்றாள். எங்கள் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது. தெருவில் ஒரு ஆம்பளை இல்லை. பொம்பளைகள் நாலு பேர் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனார்கள்.

சாலையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. திருப்பதி பஸ். டிரைவர் தெலுங்குக்காரர். கட்டிலைப் பார்த்ததும், பின்சீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கத்தினார், தானே இறங்கி வந்து கட்டில் காலைப் பிடித்தார். பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு டயரிலும் காற்று இல்லை. சைக்கிள் கடைக்காரர் காலையிலேயே வந்து வால்வைப் பிடுங்கி, மடியில் கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போயிருந்தார். எல்லாம் கமிட்டித் தீர்மானம். தலைவர் கையெழுத்துப் போட்டது. அந்த டிரைவர் டயரைக் காலால் உதைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எங்கள் ஊரில் என் அம்மாவுக்காகக் கண்கலங்கிய ஒரே ஆம்பளை அவர்தான். எங்கள் கமிட்டி விரட்டக் கிளம்பிய பாஷைக்காரர்.

அத்தை என்னைப் பார்த்து, ஓடு, உங்க நைனாவைக் கூட்டிவா, வண்டி வேணும் என்றாள். ஓடினேன்.

ஊர் எல்லையைத் தாண்டி, ஆற்றுக்கு இறங்குகிற வண்டிப்பாதையில் அவர்களைப் பிடித்தேன். பறைமேளம் முன்னால் போய்விட்டது. கிராமபோனில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நைனா பாடைக்கு முன்னால், ஈரத்துணி உடுத்தி, கையில் உறி கட்டிய கொள்ளிச்சட்டியோடு, பளபளவென்ற மொட்டைத் தலையோடு நடந்துகொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார். நிஜமாகவே அழுதார், தோள் குலுங்கியது. அவர் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

"நைனா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாவது தடவை, "நைனா, அம்மாவுக்கு ரத்தம் போவுது" என்று இருக்கிற சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அந்த மொட்டைத் தலை ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு நடந்தது.

கொள்ளிச்சட்டி தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த விஷயம் இது. ஆனால் படத்துக்குமா? முந்தின நாள்தானே சொன்னார், படம்தானே என்று. மொட்டை அடிக்கிறபோது படம், சுடுகாடு மிதிக்கிறபோது படம். நான் கூப்பிடுகிறபோது மட்டும் அது பிணமாகிவிட்டது.

முன்னால் ஓடி வழிமறிக்கலாம் என்று போனேன். சைக்கிள் கடைக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பொட்டப்பிள்ளை சுடுகாட்டுப் பாதையில் வரக் கூடாது, போ, கொள்ளி வைத்ததும் நானே சொல்கிறேன் என்றார். வால்வு கட்டிய அவர் மடி புடைத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொள்ளி வைத்தார்கள். இரங்கல் பேசினார்கள், மூன்று பேர். ஆற்றில் முழுகினார்கள், முழுகாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாதே. அதன் பிறகுதான் நைனா வண்டியை ஓட்டிக்கொண்டு ஓடிவந்தார். நிழல் காலடியில் சுருங்கிவிட்டிருந்தது.

புத்தூர்வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ஒரு மூட்டை லாரி. வடமாலைப்பேட்டை தாண்டியதும் அம்மாவின் தலை என் மடியில் கனத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லாரிக்காரர் இறக்கிவிட்டுவிடுவாரோ என்று பயம். அத்தைக்கும் தெரிந்துவிட்டது, அவளும் சொல்லவில்லை. நைனாவுக்கு மட்டும் தெரியாது. முன்னால் உட்கார்ந்து, வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணை இமை தூக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். புதிதாக மழித்த தலை. அவருக்குக் குழப்பம். இவளுக்கு முன்னாலேயே வீட்டில் யார் இறந்தது என்று தெலுங்கில் கேட்டார். நான்தான் சொன்னேன், ஒரு பாட்டுக்காரர் என்று. உங்களுக்கு உறவா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் அம்மாவுக்கும், அவளோடு வயிற்றிலேயே போன பிள்ளைக்கும் சேர்த்துப் பாடை கட்டினார்கள். மூங்கில் கிடைக்கவில்லை, இருந்ததெல்லாம் முந்தின நாளே எரிந்திருந்தது. பந்தல் கழியை உருவிக் கட்டினார்கள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி நைனாதான். அதே வேப்பமரத்தடியில் அதே நாவிதர் முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். நாவிதர் தண்ணீர் தொட்டு வைத்தார், கத்தியைத் தீட்டினார், கையைத் தூக்கினார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே எடுத்துட்டனே சாமி" என்றார். "இப்ப இன்னாத்த எடுக்கட்டும்?"

சடங்கு குறையக் கூடாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னபிறகு, வெறும் தலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை கத்தியை ஒரு இழுப்பு இழுத்தார். கோடு மாதிரி ரத்தம் வந்தது. என் அம்மாவுக்கு அவளுடைய புருஷன் தலையில் ஒரு மயிர் கூட மிச்சமில்லை. சொந்தக்காரர் என்று சொல்ல முடியாத ஒருவருக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார். கண்ணீரும் அப்படித்தான். ஊரே ஒரு நாள் முன்னால் தொண்டை கட்ட அழுது முடித்திருந்தது. அன்றைக்கு அவர்கள் களைத்துப்போயிருந்தார்கள்.

பேப்பரில் அந்தப் பாடகருக்கு எங்கெங்கே ஊர்வலம் நடந்தது என்று நீளமாகப் போட்டிருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் விரல் வைத்துத் தேடினார். எங்கள் ஊர் பெயர் அதில் இல்லை. ஆபீசரும் எங்கள் தெருவுக்கு வந்து மொட்டைத் தலைகளை எண்ணவில்லை. கடைசியில் எல்லை தீர்ந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். நின்றதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேர்க்கடலை அதேபோல் விளைந்தது. நான் தெலுங்கு மீடியம் பள்ளிக்கூடங்களில் தமிழ் வாத்தியாராகவே வேலை பார்த்து ரிட்டையர் ஆனேன். எதற்காக டயரில் காற்றைப் பிடுங்கினார்கள் என்று இன்றைக்கு அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது.

அந்தப் படம் மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. வருஷா வருஷம் அம்மாவுக்குப் படையல் போடும்போது வைப்பதற்கு அவளுடைய படம் ஒன்று கூட இல்லை. கல்யாணப் புடவையை மடித்து மணைமேல் வைப்போம். அதற்கு நேர் மேலே அவர், மூக்குக் கண்ணாடியும் மச்சமுமாக, நாங்கள் கற்பூரம் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கழற்றி எறியுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நைனா துண்டால் அதன் கண்ணாடியைத் துடைத்து வைப்பார். அன்றைக்கு நான் கூப்பிட்டதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை. எனக்கும் அதை நம்பிக்கொள்வது சௌகரியமாக இருந்தது. நம்பித்தான் அவருக்கு வருஷக்கணக்கில் சோறு போட்டேன்.

அவர் ரொம்பத் தளர்ந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தூரிலிருந்து பார்க்கப் போயிருந்தேன். கஞ்சி குடித்துவிட்டு, திடீரென்று, உங்கம்மா முகம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மூக்குத்தி ஞாபகம் இருந்தது, கை ஞாபகம் இருந்தது, குரல் கொஞ்சம். முகம் வரவில்லை. கண்ணை மூடினால் மச்சத்தோடு அந்தப் பாழாய்ப்போன பாடகரின் முகம்தான் வந்தது. இல்லை நைனா என்றேன்.

"எனுக்கும் இல்லம்மா" என்றார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அன்னிக்கு நீ கூப்ட்டது கேட்டுச்சி. மூணு தபாவும் கேட்டுச்சி. கொள்ளி புட்ச்சிகினு எப்டிம்மா திரும்புறது? அத்தினி பேரு பார்த்துகினு இருந்தாங்க."

நான் கஞ்சி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினேன். வாசல் தாண்டி வேப்பமரம்வரை போயிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. எனக்கும் நன்றாகவே கேட்டது. நான் திரும்பவில்லை.